இரண்டாயிரம் வருஷத்துத் தரை

போன வாரம் பீரோவில் ரேஷன் கார்டைத் தேடப்போய், அந்தச் சான்றிதழ் கையில் அகப்பட்டது. பாச்சை உருண்டை வாசனை. லேமினேஷனுக்குள் காற்றுப் புகுந்து உப்பிக் கிடக்கிறது. ‘அகழாய்வுக் களப்பணியில் சிறப்பாகப் பங்கேற்றார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பிரமாதம் போங்கள்.

2005 கோடை. சுனாமி வந்துபோன கையோடு, கடலோரத்தில் நாலு செங்கல் தென்பட்டால் பழைய துறைமுகம் என்று ஆளாளுக்குக் கிளம்பிய காலம். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய மணல்மேட்டுச் சரிவில் குழி போட்டார்கள். பி.ஏ. வரலாறு படிக்கும் ஏழைப் பிள்ளைகளைக் களத்தில் இறக்க ஓர் அறக்கட்டளை உதவித்தொகை கொடுத்தது. கூடவே ஒரு தொப்பி, தொப்பி மேல் அவர்கள் பெயர். மண்ணைத் தொடுவதற்கு முன்பே எங்களை வரிசையாக நிறுத்திப் போட்டோவாக எடுத்துத் தள்ளினார்கள். நானும் சளைக்காமல் பல்லைக் காட்டினேன்.

என் வகுப்பு எழிலரசியும் வந்திருந்தாள். உப்பளக் கூலி வேலை செய்யும் குடும்பம். எங்களில் தொல்லியல் பைத்தியம் உண்மையாகவே பிடித்திருந்தது அவளுக்கு மட்டும்தான். அகழாய்வு இயக்குநர் பரிந்துரைத்தால் எம்.ஏ. செலவையும் அறக்கட்டளையே ஏற்கும் என்றார்கள். அதை நம்பித்தான் உப்பு சீசனிலும் வீட்டார் அவளை அனுப்பியிருந்தார்கள்.

மூன்றாம் வாரம் முழங்கால் ஆழத்தில் கெட்டியான களிமண் தரை வந்தது. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாயிரம் வருஷத்துக் கிடங்குத் தரை என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லி, அறக்கட்டளைக்காரர்களுக்குப் போனும் போட்டுவிட்டார். எழில் குத்துக்காலிட்டுத் தடவிப் பார்த்தாள். உப்புத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்குவது அவள் வீட்டு வேலை.

“சார், இது பாத்திங்க. குதிகால் தடம் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணா மிதிச்சிருக்குது. எங்கப்பா சின்ன வயசுல விட்ட பாத்தியா இருக்கும்.”

அந்த மேதை கூலிங்கிளாஸைக்கூடக் கழற்றவில்லை.

“நீ ஸ்டூடண்டா வந்தியா, கூலிக்கு வந்தியா?”

பிறகு என் பக்கம் திரும்பி அபிப்பிராயம் கேட்டார். அன்று காலை அந்தத் தடங்களைத் தாளில் வரைந்தவனே நான்தான். கிடங்குத் தரை மாதிரிதான் இருக்கிறது சார் என்றேன். தொப்பி வேறு தலையில் இருந்தது, என்ன செய்ய.

எழில் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “உனக்குமாடா தெரியல?” என்று மட்டும் கேட்டாள்.

பரிந்துரைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஜூனில் எனக்கு எம்.ஏ. சீட்டு. அவள் அதே மாதம் அப்பாவோடு பாத்தியில் இறங்கிவிட்டாள் என்று கிளியனூர்ப் பையன் ஒருவன் சொன்னான்.

இப்போது அந்த மேடு இல்லை, இறால் குட்டை வெட்டிவிட்டார்கள். அறக்கட்டளை இல்லை. அறிக்கை அச்சாகவே இல்லை. குதிகால் தடங்கள் அதற்கெல்லாம் முன்பே போய்விட்டன. அறக்கட்டளைக்காரர்கள் பார்க்க வருவதற்கு முன் என் வரைபடத்திலிருந்து நானே ரப்பர் போட்டு அழித்தேன். சிறப்பாகப் பங்கேற்றார்.