கொஞ்சம் லைட்டான ரோஸ்

போன ஞாயிறு பூசைக்குப் போனேன். பீடத்தருகே, கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் நாலு வாரமான திருவருகைக் காலத்தின் மெழுகுவத்திகள் வைத்திருந்தார்கள். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். அன்று ரோஸ் மெழுகுவத்தியை ஏற்றும் நாள், மகிழ்ச்சி ஞாயிறு. பக்தியுள்ள பெண்பிள்ளைக்கு அதைப் பார்த்ததும் ஆண்டவர் நினைப்பு வர வேண்டும். எனக்கு வந்தது, 'ஷேடு அடிக்குதே', ஒன்று மட்டும் நிறம் மாறியிருக்கிறதே என்பதுதான். பத்தொன்பது வயதில் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். துணியில் ஓட்டை தேடித் தேடி, இப்போது வானவில்லைக் காட்டினாலும் எந்தக் கலர் வெளுத்திருக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

எங்கள் திருப்பூருக்கும் கிறிஸ்துமஸுக்கும் எப்போதுமே கொஞ்சம் ஏட்டிக்குப் போட்டிதான். ஆடி வெயிலில் வியர்வை ஒழுக ஒழுக, பனி, கலைமான், தாடிக்காரத் தாத்தா எல்லாம் பிரிண்ட் போட்டு மடித்து அனுப்பிவிடுவோம். நிஜமான திருவருகைக் காலம் வரும்போது, வெள்ளைக்காரர்கள் கடற்கரையில் போடும் கையில்லாத பனியனுக்கு நூல் வெட்டிக்கொண்டிருப்போம். கோயிலில் 'காத்திருங்கள்' என்று பிரசங்கம் நடக்கும். நாங்களோ அந்த வருஷக் கிறிஸ்துமஸை எப்போதோ கப்பல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்போம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் எங்களுக்குக் காத்திருக்க எதுவுமில்லை. ஐப்பசி மழையில் என் தம்பி அருள் காய்ச்சலில் போய்விட்டான். பத்து வயது. பெருமாநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊட்டில் அதற்குப் பிறகு ரேடியோ பாடவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தால்கூடத் தேவலை. அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. சோறாக்கினாள், போட்டாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவும் போய்விட்டாள், உடம்புதான் நடமாடுகிறது என்று தோன்றும்.

அம்மா நன்றாக வாசிப்பாள். வருஷா வருஷம் மகிழ்ச்சி ஞாயிறு வாசகம் அவளுக்குத்தான். அந்த வருஷம் புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் தெற்கத்திக்காரர், சின்ன வயசு. வீட்டுக்கே வந்து, நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்றார். எப்போதும் மகிழ்ந்திருங்கள் என்று பவுல் சிறையிலிருந்து எழுதிய பகுதி அது. அம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"செயில்ல இருந்துட்டு எழுதுனவருக்குப் புள்ள குட்டி இல்லீங்க சாமி."

சாமியார் அதற்கு விளக்கம் சொல்லியிருந்தால் நான் அவரை மன்னித்திருக்க மாட்டேன். "சந்தோஷமா வாசிக்கணும்னு நான் சொல்லலையேம்மா. வாசிங்க, போதும்" என்றார். அம்மா எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்; வாசிப்பாளா மாட்டாளா என்று யாருக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அந்த ஞாயிறுக்கு மட்டும் சாமியார்கள் ரோஸ் நிறப் பூசை உடுப்பு போடுவார்களாம், நம் கோயிலில்தான் இல்லை என்று. ஒரே நாளுக்காக எந்தப் பங்கு செலவழிக்கும்? அதுவரை மூலையில் கிடந்த அப்பா எழுந்து வந்தார். பழைய வெள்ளை உடுப்பு ஒன்று கொடுங்கள், சாயம் போட்டுத் தருகிறேன் என்றார். அப்பா சாயப்பட்டறை மாஸ்டர். அம்மாவிடம் என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். தெரிந்ததைச் செய்தார்.

இதில்தான் வந்தது வினை. திருப்பூர்க்காரருக்குத் துணி என்றால் காட்டன். வேறொன்று உலகத்தில் இருப்பதாக அப்பா ஒப்புக்கொண்டதே இல்லை. தொட்டுக்கூடப் பார்க்காமல் உடுப்பைத் தொட்டியில் முக்கிவிட்டார். முன்பக்கம் காட்டன்தான். கிழிந்துபோன பின்பக்கத்தை எந்தப் புண்ணியவானோ பாலியஸ்டர் போட்டு மாற்றித் தைத்திருக்கிறார். காட்டன் சாயத்தைப் பாலியஸ்டர் சீந்துமா? முன்பக்கம் ரோஜாப்பூ, பின்பக்கம் பால். மறுநாள் காலையில் பூசை.

அப்பா உடுப்பை முன்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி மடித்து எடுத்து வந்தார். பூசை தொடங்கும் நேரத்தில் சாமியார் கையில் கொடுத்து, அம்மாவையும் என்னையும் வைத்துக்கொண்டே சொன்னார்: "பின்னாடி மட்டும் கொஞ்சம் லைட்டுங்க சாமி."

சாயக்காரர் 'கொஞ்சம் லைட்' என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மொத்த லாட்டும் குப்பை என்று அர்த்தம். சாமியார் தெற்கத்திக்காரர் இல்லையா, நம்பினார். சின்னக் கண்ணாடியில் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாக வாசல் பக்கமிருந்து பவனி வந்தார்.

எதிரே வந்தவரைக் கண்டு சனம் மெய்ம்மறந்தது. கடந்து போனதும் முதுகைக் கண்டு வாயடைத்தது. கோயில் முழுக்க கட்டிங், டெய்லர், செக்கிங் ஆட்கள். 'ரிஜெக்ட்' என்று எங்கோ முணுமுணுப்பு கேட்டது. அம்மா மட்டும் தலை குனிந்தபடி முன்வரிசையில் இருந்தாள். எதையும் பார்க்கவில்லை.

அவள் முறை வந்ததும் எழுந்து போனாள். ஒரே குரலில், கம்பெனி நோட்டீஸ் படிப்பதுபோல வாசித்தாள். எப்போதும் மகிழ்ந்திருக்கச் சொல்லும் அந்த இடம் வந்தது. நின்றுவிட்டாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஏன் என்று அத்தனை பேருக்கும் தெரியும். பெண்கள் மூக்கைச் சிந்தத் தொடங்கினார்கள்.

சாமியார் பதறி எழுந்தார். அவளுக்குத் தண்ணீர் கொடுக்கலாம் என்று பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினார். வெள்ளை முதுகு முழுசாக அம்மா கண்ணில் பட்டது.

அம்மா முதுகைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுற்றாத மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதுதானுங்களா கொஞ்சம் லைட்டு?"

மைக் அணைக்கப்படவில்லை. கோபுரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அதை டீக்கடை வரைக்கும் கொண்டுபோனது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு அழுகையானது. அருள் போன பிறகு அன்றுதான் அழுதாள். கோயிலே சேர்ந்து சிரித்தது, அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்து முடித்தாள். இந்த முறை நோட்டீஸ் குரல் இல்லை. சாமியார் அன்று பிரசங்கம் வைக்கவில்லை. புத்திசாலி.

உடுப்பைத் தூக்கிப் போட அம்மா விடவில்லை. அதன் பிறகு எத்தனையோ வருஷம், எத்தனையோ சாமியார்கள் அதைப் போட்டார்கள். பவனி வரும்போது எல்லோரும் முன்பக்கம் பார்ப்பார்கள். அம்மா சாமியார் கடந்து போகும் வரை காத்திருந்து முதுகைப் பார்ப்பாள். பிறகு அப்பாவைப் பார்ப்பாள். அவர் மின்விசிறியைப் பார்ப்பார்.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அப்பா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். உடுப்பு எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. போன ஞாயிறு புதுச் சாமியார் கடையில் வாங்கிய ரோஸ் உடுப்பில் பவனி வந்தார். பழக்கதோஷம், அவர் கடந்து போகும் வரை காத்திருந்து முதுகைப் பார்த்தேன்.

முன்னும் பின்னும் ஒரே ரோஸ். ஒரு குறை சொல்ல முடியாது, செக்கிங்கில் பாஸ்தான். திரும்பிப் பார்த்துச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.