ஆணி பிடுங்காத பக்கம்

எங்கள் பல்கலைக்கழக விரிவுரையாளரின் ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரே இடம். சொந்தமாக ஒரு குட்டி இயங்குதளம் எழுதி, அதில் இரண்டு நிரல்களை அடுத்தடுத்து ஓட்டி, எழுதியதை நன்றாக விளக்குபவருக்கு அது. எனக்குப் போட்டி ஒருத்திதான், என் சித்தி மகள். ஆறு மாதம் இளையவள். அதே வகுப்பு, விடுமுறைக்கு மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தால், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் அதே லயம், பக்கத்து வீடு.

அவளுடையது புதன்கிழமையே ஓடிவிட்டது. சித்தி வேலி ஓரமாக நின்று அம்மாவிடம் சொன்னார். நான் காதில் விழாததுபோல் துணி மடித்தேன்.

என்னுடையதில் முதல் நிரல் ஓடும். இரண்டாவது தொடங்கியதும் எல்லாம் அணைந்து, மறுபடி முதலிலிருந்து எழும். எந்த முகவரி நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று செயலிக்குச் சொல்வது பேஜ் டேபிள். அந்த அட்டவணைக்கும் நினைவகத்திலேயே ஒரு பக்கம், அதாவது ஒரு துண்டு இடம், ஒதுக்க வேண்டும். ஒதுக்கும் பகுதியை அவளைவிட வேகமாக ஓடும்படி எழுதியிருந்தேன். அதில் பிழை இருக்குமென்று நான் நினைக்கவேயில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்து என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ரெண்டாவது இன்னும் ஓடலையா?"

"ஓடும் லா. ஒன் வேலையப் பாரு."

"மொத ஆளு காலி பண்ண பக்கத்த அப்படியே அடுத்த ஆளுக்குக் குடுக்குறியா? எங்கப்பா சுண்ணாம்பு அடிக்கிறதுக்கு முன்ன செவுத்து ஆணியக்கூடப் புடுங்கிடுவாரு. ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். லயத்தில் ஒரு வீடு காலியானால் சித்தப்பாதான் சுண்ணாம்பு வாளியோடு போவார். என் அட்டவணையிலோ முதல் நிரல் விட்டுப்போன எண்கள் அப்படியே கிடந்தன. செயலி அவற்றை உண்மையான முகவரி என்று நம்பிப் போய் விழுந்திருக்கிறது. பக்கம் முழுவதையும் பூச்சியமாக்க ஒரே வரி போதும். அது எனக்குத் தோன்றாமல் இவளுக்குத் தோன்றியதே என்று வயிறு எரிந்தது.

"பிரச்சன அது இல்ல," என்றேன்.

அவள் போனதும் அந்த வரியைச் சேர்த்தேன். இரண்டாவது ஓடியது. மூன்றாவதும். சந்தோஷம் மட்டும் வரவில்லை.

விளக்கும் நாளில் விரிவுரையாளர் என் திரையில் அந்த வரியைத் தொட்டு, "இது எதற்கு?" என்றார். லயத்து வீட்டையும் சுண்ணாம்பையும் ஆணியையும் சொன்னேன், ஏதோ நானே யோசித்ததுபோல். அவர் சிரித்துத் தலையாட்டினார். கடைசி வரிசையில் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இடம் எனக்குக் கிடைத்தது.

அடுத்த விடுமுறைக்குத் அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து பஸ்ஸில் ஒன்றாக மலை ஏறினோம். வழியில் ரிங்லெட் ஊரைத் தாண்டினோம். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஆணி நல்லா இருந்துச்சுக்கா."