மூன்று தும்மல்கள்

கல்லூரித் தோழியும் நானும் சேர்ந்து கணினியில் ஆடுகிற ஒரு சின்ன விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சாயங்கால வீட்டில் ஒரு சிறுமி, வேலைக்குப் போன தகப்பன் திரும்பக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் கதை. தகப்பன் திரையில் வரவே மாட்டார். படம் தோழியின் பொறுப்பு, சத்தம் என்னுடையது.

முதலில் இணையத்தில் கிடைத்த புல்லாங்குழல் இசையைப் போட்டேன். ஆடிப் பார்த்தவர்கள் அழகாயிருக்கிறது என்றார்கள். ஆனால் ஆள் குடியிருக்கிற வீடாகத் தெரியவில்லையாம். இசையை எடுத்துவிட்டு மின்விசிறி, குக்கர், பக்கத்து வீட்டு டிவி என்று சேர்த்தேன். வீடு வந்துவிட்டது. தகப்பன்தான் வரவில்லை.

விருதுநகரில் எங்கள் அப்பா, அத்தா என்றுதான் கூப்பிடுவோம், மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். கடையடைத்து வருகையில் தெருமுனையில் ஒரு தும்மல் கேட்கும். அண்ணன் டிவியை அணைப்பான். பாதித் தெருவில் இன்னொன்று. நான் புத்தகத்தைத் தேடுவேன். மூன்றாவது வாசலில் கேட்கும்போது இருவரும் உரக்கப் படித்துக்கொண்டிருப்போம்.

அந்தத் தும்மல்களைப் பதிவு செய்யத்தான் போன வருஷம் ஊருக்குப் போனேன். அதற்குள் அத்தா கடையைக் கூட்டாளியிடம் விட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. தும்மலும் நின்றிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கூச்சப்பட்டார். வேறு நல்ல சத்தமே கிடைக்கவில்லையா என்று கேட்டார். எனக்காக ஒருமுறை தும்மிப் பார்த்தார். நாடகம் மாதிரி இருந்தது. அம்மா அடுப்படியில் வத்தலை வறுத்தாள். அம்மாவும் நானும் கண்ணீர் வழிய இருமினோம். அத்தா நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரை மண்டிக்கே அழைத்துப் போனேன். கூட்டாளி டீ வாங்கிக் கொடுத்தார். அத்தா மூட்டைக்குள் கைவிட்டு ஒரு வத்தலை எடுத்து, கிள்ளி முகர்ந்தார். அதன்பின் எழுந்திருக்க மனமில்லாமல் சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருந்தார். திரும்பும்போது ரெக்கார்டரைப் பிடித்துக்கொண்டு பத்தடி பின்னால் நடந்தேன். தெருமுனையில், பழைய மாதிரியே, ஒரு தும்மல் வந்தது. அடுத்ததற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு போனேன். வாசல்வரை ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு வேண்டுமே என்றேன். அத்தா சிரித்தார்.

"மொதத் தும்மல்தான் தானா வரும்மா. பின்னாடி ரெண்டும், நீங்க டிவிய அமத்தணும்னு நானாப் போட்டது."

"நேரா வந்து திட்டியிருக்கலாம்ல, அத்தா?"

"பகலெல்லாம் ஏவாரிககிட்ட கத்திட்டு வாரேன். வீட்டுக்கு வந்தும் கத்தணுமா?"

எத்தனை சாயங்காலங்கள் அண்ணனும் நானும் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக் குதித்திருக்கிறோம்.

அவரே பாதித் தெருவுக்குத் திரும்பிப் போய் ஒன்று, வாசலில் ஒன்று போட்டார். இந்தமுறை நாடகம் மாதிரி இல்லை. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, சளி பிடித்துவிட்டதா என்று விசாரித்தார்கள்.

தோழி ஒரே தடவை கேட்டுவிட்டு, கடைசிக் காட்சியில் மற்ற சத்தம் எல்லாவற்றையும் குறைத்துவிடச் சொன்னாள். விளையாட்டு வெளிவந்த வாரம் நான் ஊரில் இருந்தபோது துபாயிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். ஆடி முடித்துவிட்டதாகச் சொன்னான். உடனே அத்தாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். அத்தா சிரித்தபடி கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.