அசையாத குதிரை

ஓடும் குதிரையைப் படம் பிடிக்க வேண்டும் என்று யாராவது வந்து கேட்டால் எனக்கு முதலில் தோள்தான் வலிக்கும். மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, கறுப்புத் துணி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் தூத்துக்குடியிலிருந்து புழுதி தின்றபடி போக வேண்டும். திரும்பி வந்து கழுவிப் பார்த்தால் படத்தில் சாலை இருக்கும், வேப்பமரம் இருக்கும், குதிரை இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ இருக்கும். "இதுல எங் குதிரை எங்கன இருக்கு?" என்று என்னிடமே கேட்பார்கள். போதாக்குறைக்கு யுத்த காலம். கப்பலில் வரவேண்டிய, படம் பதிகிற கண்ணாடி பிளேட்டுகள் மாதக்கணக்கில் வருவதில்லை. எனக்குத் தொழிலே சலித்துப் போயிருந்தது.

அப்படியும் விளாத்திகுளம் பக்கத்தில் நடந்த குதிரை வண்டிப் பந்தயத்துக்குப் போனேன். உடன்குடிக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். தன்னுடைய பெண் குதிரை ஜெயித்து வருகிற படத்தைக் கடையில் மாட்ட வேண்டும் என்பது அவர் ஆசை. அந்தக் குதிரைக்கோ வயதாகிவிட்டது. முந்தின இரண்டு பந்தயங்களிலும் தோற்றிருந்தது. "இந்தத் தடவையும் தோத்துட்டுன்னா உப்பளத்துக்கு அனுப்பிருவேன். வண்டி இழுக்கட்டும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டு முகம் சுண்டிப்போனவன் அவருடைய வண்டிக்காரன். குட்டியாக வந்த நாளிலிருந்து அதற்குத் தண்ணீர் காட்டி, தேய்த்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்தவன். உப்புத் தண்ணீரில் ஊறிய மாட்டுக் கால்களை அவன் பார்த்திருக்கிறான். குதிரைக் காலுக்கு என்ன ஆகும் என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவனை எனக்கு ஏற்கெனவே தெரியும். கல்யாணமான புதிதில் மனைவியோடு என் ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வந்தான். நான் இடது கையைத் தூக்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும், கையை இறக்கினால்தான் மூச்சு விடலாம். இதுதான் என் கடையின் சட்டம். அவன் அந்த நேரம் பார்த்துத் திரும்பி மனைவியைப் பார்த்துவிட்டான். படத்தில் அவனுக்கு இரண்டு மூக்கு. ஒரு பிளேட் பாழாகிப்போன ஆத்திரத்தில், புதுப்பெண் நிற்கிறாளே என்றுகூடப் பாராமல் வாயில் வந்தபடி ஏசினேன். மறுபடி எடுத்தபோது கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தான். நான் கையை இறக்கிய பிறகும் மூச்சு விடவில்லை.

பந்தயத்தன்று காலையில் குதிரைக்குக் கழுத்துமணி கட்டிக்கொண்டிருந்தவனிடம் போய், "ஏலே, இருக்கது ஒரே ஒரு பிளேட்டு. பாத்துக்க" என்றேன். என்னத்தைப் பார்த்துக்கொள்வான்? இருந்தாலும் சொன்னேன். சலித்துப்போனவன் வாய் சும்மா இருக்காது. அவன், "சரி அண்ணாச்சி" என்றான்.

ஓடுவதைப் பக்கவாட்டில் எடுத்தால் புகைதான் மிஞ்சும். எதிரே வரும்போது எடுத்தால் கொஞ்சமாவது உருவம் நிற்கும். இதைக் கற்றுக்கொள்ள எத்தனையோ பிளேட்டுகளைத் தொலைத்திருந்தேன். எல்லைக் கோட்டில் ஜனங்கள் சாலையை மறைத்துவிடுவார்கள் என்பதால், கோட்டுக்குப் பத்தடி முன்னால் ஓரத்தில் ஒரு கல்லைப் போட்டு, அந்தக் கல்லுக்குக் கேமராவைச் சரிபார்த்து வைத்துக்கொண்டு வெயிலில் நின்றேன். உச்சந்தலை கொதித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

கடைசியில் வண்டிகள் வந்தன. அவன் வண்டி முன்னால், அடுத்தது இரண்டு வண்டி தூரம் பின்னால். குதிரை வாயில் நுரை தள்ள, கிழட்டு உடம்பில் மிச்சமிருந்ததையெல்லாம் போட்டு ஓடிவந்தது. ஜனங்கள் கத்திய கத்தலில் எனக்கே சலிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. கல்லை நெருங்கியது. வலது கையில், அமுக்கினால் கேமராவின் கண்ணைத் திறந்து மூடும் ரப்பர் பந்து. இத்தனை வருஷப் பழக்கம், இடது கை தானாக மேலே போனது.

அவன் அதைப் பார்த்தான். கடிவாளத்தைச் சுண்டி இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டான். குதிரை முன்னங்காலை ஊன்றி அப்படியே நின்றது. நான் பந்தை அமுக்கினேன். பின்னால் வந்த வண்டி அவனைத் தாண்டிக் கோட்டைக் கடந்து போயிற்று.

மண்டிக்காரர் வந்து என்னவென்று கேட்டார். "கை வழுக்கி இழுத்துட்டேன் மொதலாளி" என்றான் அவன். என் பெயரை எடுக்கவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். முக்காலியை மடக்குகிற பாவனையில் குனிந்துகொண்டேன். இன்றுவரை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வாரமே குதிரை உப்பளத்துக்குப் போய்விட்டது.

தோற்ற படம் எதற்கு என்று மண்டிக்காரர் வாங்க மறுத்துவிட்டார். பத்து நாள் கழித்து வண்டிக்காரன் ஸ்டூடியோவுக்கு வந்து, படத்தைப் பார்க்கலாமா என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு குதிரைப் படம் அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. பிடரி மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது, வாயோரத்து நுரை தெரிந்தது. ஜெயித்த வண்டி ஓரத்தில் வெறும் புகை.

"ஏம்ல நிறுத்துன?" என்றேன். அவனிடம் அதைக் கேட்கவே எனக்குப் பத்து நாள் ஆகியிருந்தது.

"நீங்க கையத் தூக்குனியள்லா அண்ணாச்சி. பிளேட்டும் ஒண்ணுதான இருக்குன்னிய."

படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். குதிரையின் முகத்தை விரலால் தொடப்போய், அழுக்காகிவிடும் என்று கையை எடுத்துக்கொண்டான்.

"பாத்தியளா, அதுவும் அசையல" என்றான்.