தடைக்காலத்தில் பிடிக்காதவர்

சாரம் பகுதியில் இருந்த பிரவுசிங் சென்டரில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் அவர். வைத்திக்குப்பத்து மீனவர், மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் வருவார். கயிறு இழுத்துக் காய்த்த கையால் மௌஸை முட்டைபோலப் பிடித்துக்கொள்வார். இருவரும் ஒரே ஆன்லைன் கேம்தான் ஆடினோம். விசித்திரப் பிராணிகளோடு சண்டை போட்டு, ஜெயித்தால் பிடித்துச் சேர்க்கலாம். அவரோ ஜெயித்த பிராணியை விட்டுவிடுவார்.

"ஏண்ணே ஒண்ணையும் புடிக்க மாட்டேங்கறீங்க?"

"தடைக்காலம் ஆச்சே தம்பி."

"அது கடலுக்குண்ணே. இது கேமு!"

"குஞ்சு பொரிக்கிற நேரம்பா. தடை முடியட்டும், ஒண்ணு விடாம புடிச்சிடறேன்."

தடை முடிந்ததும் கடலுக்குப் போய்விட்டார். அடுத்த வருஷத் தடைக்காலத்தில் மறுபடி வந்தார். ஆரம்பத்தில் கேமே கொடுத்த ஒற்றைப் பிராணிதான் அப்போதும் அவரிடம் இருந்தது. அன்று நானும் எதையும் பிடிக்கவில்லை. ஏனென்றுதான் இன்றுவரை விளங்கவில்லை.