வெயிலுமுத்து காற்றைக் கேட்ட சாயங்காலம்

தாராவியிலிருந்து டிராம்பே வரைக்கும் லாரி ஓட்டுகிறவர்களில் வெயிலுமுத்துவைப் போலத் தூங்கத் தெரிந்தவன் இன்னும் பிறக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் பதினாறு மணி நேரம் கண் கொட்டமாட்டான். நாற்காலியில் உட்கார வைத்தால் எட்டு நிமிஷம்தான். கல்யாண மேடையிலேயே மாலையும் கழுத்துமாகக் குறட்டை விட்டவன். தாலியை அவன் கட்டினானா, கை தானாகக் கட்டியதா என்று அவன் பெண்டாட்டி பேராச்சிக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

நான் பூலோகம். ஆட்டோ ஓட்டுகிறேன். அவர்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். பேராச்சிக்கு நான் அண்ணன் முறை, அதனால் அவன் எனக்கு மாப்பிள்ளை.

பதினைந்து வருஷம் தண்ணீர் டேங்கர் ஓட்டியவனுக்கு டிராம்பேயில் கேஸ் டேங்கர் வேலை கிடைத்தது. ஆனால் மூன்று நாள் கிளாஸில் உட்கார்ந்து, பரீட்சையும் பாஸ் ஆகி, சர்டிபிகேட் வாங்கினால்தான் பிளான்ட் கேட் திறக்கும். பழைய வேலையை விட்டாயிற்று. அந்த லாரியில் வேறு ஆள் ஏறியாயிற்று. மூன்று நாள் நாற்காலி! அவனை எவரெஸ்ட் ஏறச் சொல்லியிருக்கலாம்.

டேங்கர் யார்டு மெக்கானிக் தப்ரேஸ்தான் வழி சொன்னான்.

"முத்து பாய், நீ ஆராமா தூங்கு. ஃபோன் முழிச்சிருக்கும்."

ஃபோனில் என்னவோ ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். வாத்தியார் ஹிந்தியில் பேசுவதை எல்லாம் அது எழுதிக்கொள்ளும். பிறகு சாரத்தை மட்டும் பிழிந்து தமிழில் வாய்விட்டுச் சொல்லும்.

முதல் நாள் கிளாஸ் முடிந்து செம்பூரிலிருந்து வந்தான். முகத்தில் கடைசி வரிசை மேஜையின் தடம். ஃபோனைத் தட்டினான். ஒரு பொம்பளைக் குரல் ஒன்பதே வரி சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

பேராச்சி கையை வாயில் வைத்தாள். "ஆறு மணி நேரம் பேசுனதையா?"

"ஆமா."

"அண்ணே, எங்க அத்தை பேச்சுக்கு இது ஆவுமா?"

"மிஷினு தாங்காது தாயி. பொகைஞ்சிரும்."

நான் ஃபோனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன், உள்ளே எவனாவது உட்கார்ந்திருக்கிறானா என்று. என் காலத்தில் இது இருந்திருந்தால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றிருக்கமாட்டேன். ஆறாம் வகுப்பிலும் ஃபெயிலாகியிருப்பேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம்தான் வில்லங்கம் வந்தது. ஏழாவது வரியில் அந்தக் குரல் சொன்னது: "வாயு கசிந்தால், பயிற்றுநர் காட்டிய பக்கத்தில் நிற்க வேண்டும்."

வெயிலுமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எந்தப் பக்கம்?"

மறுபடி தட்டினான். அதே வரி. பாவம், அதுவும் என்ன செய்யும்? அதற்குக் காதுதான் உண்டு. வாத்தியார் உடம்பால் காட்டியதைப் பார்க்க வேண்டிய கண் இரண்டும் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தன. மறுநாள் பரீட்சையே அதுதான்: மைதானத்தில் புகை போடுவார்கள், சரியான பக்கம் போய் நிற்க வேண்டும்.

"கூடப் படிக்கவங்ககிட்ட கேளுல" என்றேன்.

"யாரு நம்பரும் இல்ல. முழிச்சிருந்தாத்தானே பேச?"

"வாத்தியார்கிட்டயே கேளு."

"தூங்குனவனுக்கு சர்டிபிகேட் கெடையாதுன்னு மொத நாளே சொல்லிட்டாரு மச்சான்."

"காத்த மொகத்துல வாங்கிட்டு நில்லு. நல்லா ஜிலுஜிலுன்னு இருக்கும்."

"தண்ணி ஒழுகுனா எங்கிட்டு வேணாலும் நிக்கலாம். இது கேஸு. பொணமாயிருவேன்."

ஃபோன் திரையில் அந்த வரியின்மேல் விரலை அழுத்தினால் வாத்தியாரின் சொந்தக் குரலே கேட்கும் என்று தப்ரேஸ் சொல்லியிருந்தான். அழுத்தினான். "இந்த ஃபேனைக் காற்று என்று நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி நிற்கக் கூடாது. இப்படித்தான் நிற்க வேண்டும்" என்று ஹிந்தியில் சொன்னார். இதற்கு அந்த ஒரு வரியே தேவலை!

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. ஃபோனைக் காதோடு வைத்துக்கொண்டு பத்துத் தடவை கேட்டான், இருபது தடவை கேட்டான். நான் பார்க்க அவன் நாற்காலியில் தூங்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"ஏ பேராச்சி, சன்னல தொறந்துட்டு ஓட்டும்போது நான் ஃபோன் பண்ணா ஒனக்கு எப்படிக் கேக்கும்?"

"எங்க கேக்குது? புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துதான் பேசும்."

"மச்சான், இங்க கேளு. வாத்தியார் சட்டையில மைக்கு குத்தியிருந்தாரு."

கேட்டேன். 'இப்படி நிற்கக் கூடாது' என்னும்போது புஸ்ஸென்று ஒரு இரைச்சல். 'இப்படித்தான்' என்னும்போது குரல் கண்ணாடி மாதிரி.

"கூடாதுங்கும்போது ஃபேன் நெஞ்சுல அடிக்கி. சரிங்கும்போது முதுகுல அடிக்கி. கசியுற எடத்தப் பாத்து நிக்கும்போது காத்து முதுகுக்குப் பின்னால இருக்கணும். அப்பதான் கேஸு நம்மள விட்டு அங்கிட்டுப் போவும்."

எனக்கு வாய் மூடவே இல்லை. ஒரு ஈ என்ன, மும்பை டவுன் பஸ்ஸே உள்ளே போய்த் திரும்பியிருக்கும். ஆறு மணி நேரத்தை ஒன்பது வரியாக்கிய மிஷினைப் பார்த்து நேற்று அசந்தேன். அது குப்பை என்று தள்ளிய இரைச்சலில் இருந்து இவன் ஒரு வரியை எடுத்துவிட்டானே!

மறுநாள் நான்தான் கொண்டுபோய் விட்டேன். காம்பவுண்டு சுவரோரம் ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி நின்று எட்டிப் பார்த்தேன். டிரம்மிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. முன்னால் போனவன் நேராகப் புகைக்குள் நடந்து, இருமிக்கொண்டே திரும்பினான். வெயிலுமுத்து ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவினான். அது பறந்த பக்கத்தைப் பார்த்தான். அப்புறம் டிரம்மை விட்டு நன்றாக விலகி, பெரிய வட்டமாகச் சுற்றிப் போய், காற்று முதுகில் பட, மாப்பிள்ளை மாதிரி நின்றான். வாத்தியார் நோட்டில் டிக் அடித்தார்.

திங்கட்கிழமை டிராம்பே. பிளான்ட் கேட்டில் செக்யூரிட்டி சர்டிபிகேட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "மொபைல் அந்தர் அலவுடு நஹி." மொபைல் உள்ளே போகக் கூடாதாம்.

வெயிலுமுத்து ஒரு நிமிஷம் ஃபோனைப் பார்த்தான். பிறகு அதை என் கையில் வைத்தான்.

"பேராச்சிகிட்ட குடுத்திரு மச்சான்."

கேட் திறந்தது. காதையும் கண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான். நான் ஆட்டோவைக் கிளப்பாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.