சாரலில் நனைந்த ஜீப்

என் அப்பா துபாயில் ஒரு பெரிய கிடங்கில், பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டிகளை ரிப்பேர் பார்க்கிறவர். இரண்டு டன் தூக்கும் வண்டியெல்லாம் அவர் கைபட்டு ஓடியிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு நான் ஏறி ஓட்டும் சிவப்பு பொம்மை ஜீப்பைச் சரிபண்ணத் தெரியவில்லை என்று, தென்காசியில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அப்போது எனக்கு ஆறு வயது.

ஜீப்பை வாங்கித் தந்ததும் அவர்தான். லீவுக்கு வந்த மறுநாளே திருநெல்வேலிக்குப் போய் வாங்கி வந்தார். அன்றிலிருந்து நான் அதைவிட்டு இறங்கவில்லை. சாப்பாடுகூட அதிலேயே. “ஏட்டி, வா, அஞ்சருவிக்குக் குளிக்கப் போவோம்” என்று அப்பா கூப்பிட்டால், “நீங்க போயிட்டு வாங்கப்பா” என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவேன். துண்டைத் தோளில் போட்டபடி கொஞ்ச நேரம் வாசலில் நிற்பார். பிறகு அதைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போவார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. சாரலை எங்கள் ஊரில் மழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குக் குடை பிடித்தால் வெளியூர் ஆள் என்று நினைப்பார்கள். அதனால் ஜீப் மூன்று ராத்திரி முற்றத்திலேயே நனைந்து கிடந்தது யார் கண்ணையும் உறுத்தவில்லை. நாலாம் நாள் காலையில் மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

அப்பா கிளம்பப் பன்னிரண்டு நாள் இருந்தது. கூடத்தில் பழைய போர்வையை விரித்து, ஜீப்பின் சீட்டைக் கழற்றினார். டார்ச் பிடிக்கும் வேலை எனக்கு. “சாயங்காலத்துக்குள்ள ஓடிரும்” என்றார். சாயங்காலம் வந்தது. “ஈரம் காயணும்லா” என்றார். அடுத்த நாள் பியூஸ் போயிருந்தது. அதற்காக இரண்டு பேரும் பைக்கில் செங்கோட்டை வரை போனோம். வழியில் பரோட்டா வாங்கித் தந்தார், ஸ்டேஷனில் கொல்லம் ரயிலைக் காட்டினார். எனக்கோ ரயில் ஒரு பொருட்டே இல்லை. எப்போது வீட்டுக்குப் போவோம் என்று சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.

இப்படியே நாள் போனது. என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து வாசலுக்கு ஓடுவேன், திரும்பி வந்து, “முடிஞ்சுட்டாப்பா?” என்பேன். டார்ச் வெளிச்சம் சுவரெல்லாம் அலையும். “அங்கன எங்க கிடங்குக்கு ஒரு பூனை தினமும் வேலைக்கு வருது, தெரியுமாட்டி?” என்று ஆரம்பிப்பார். எனக்குப் பூனையும் வேண்டாம், கிடங்கும் வேண்டாம்.

அம்மாவுக்கும் பொறுக்கவில்லை. “ஒரு பொம்மை வண்டிக்கு இத்தனை நாளா? அங்கன என்னத்ததான் வேலை பாக்கீங்களோ!” என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே, கையிலிருந்த ஸ்குருவை இன்னொரு தடவை துடைத்தார்.

ஜீப் ஓடாமலே அவர் கிளம்பும் நாள் வந்தது. ஏர்போர்ட்டுக்குப் போகும் கார் வாசலில் நின்றது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. அன்றைக்கு அவரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. “அடுத்த லீவுல பாத்துக்குவோம்ட்டி” என்று கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துப் பண்பொழியிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, வந்தார். நான் அழுத அழுகையில் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு வயரை இழுத்தார். அதன் நுனியில் கறுப்பு டேப் மூன்று சுற்றுக் கச்சிதமாகச் சுற்றியிருந்தது. டேப்பைப் பிரித்துவிட்டு வயரை மாட்டினார். ஜீப் துள்ளிக்கொண்டு கிளம்பியது.

“அக்கா, அத்தான் உள்ள எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணியிருக்காங்க. இந்த ஒரு வயர மட்டும்...” என்று ஆரம்பித்த மாமா, பிரித்த டேப்பை அம்மாவிடம் நீட்டினார். அம்மா அந்த டேப் துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வீடியோ காலில் அப்பாவை ஒரு பிடி பிடித்தேன். “உங்களுக்கு ரிப்பேரே தெரியலப்பா! ஒரு வயர மாட்ட மறந்துட்டீங்க. மாமா ரெண்டு நிமிஷத்துல ஓட வச்சுட்டாங்க.”

“ஆமாட்டி, மறந்துதான் போச்சு” என்று சிரித்தார். “இந்தா, பூனை வந்திருக்கு, பாக்கியா?” என்றார்.

போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஜீப்புக்கு ஓடினேன். மறந்துபோன வயரின் நுனியில் ஒருவர் எதற்காக டேப் சுற்றி வைப்பார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.